ஸ்டெப்போடும் லாஸோவோடும் ஆறு வருடக் குடித்தனம்

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை விலையைக் கணிப்பது எனக்குப் பாதி வேலை, பாதி பொழுதுபோக்கு. தரவை அரசாங்கமே இலவசமாக வெளியிடுகிறது: பரப்பளவு, மாடி, குத்தகை தொடங்கிய ஆண்டு, மீதமுள்ள குத்தகை. எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். எந்த மாறி வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கித் தர முதல் மூன்று வருடம் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் ஸ்டெப் கட்டளையைத்தான் நம்பினேன். ஏஐசி (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது, அதற்கு எத்தனை மாறிகள் செலவாகின்றன என்று சேர்த்து எடைபோடும் மதிப்பெண்; குறைந்தால் நல்லது) இனிக் குறையாது என்கிறவரை மாறிகளைக் கழித்தும் சேர்த்தும் பார்க்கும். ஒரே வரி, தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறுவதற்குள் பட்டியல் கையில்.

குட்டு உடைந்தது தோ பாயோவில். அந்த ஒரு பேட்டையின் சில நூறு விற்பனைகள்தான். அடுத்த மாதத் தரவைச் சேர்த்து மறுபடி ஓட்டினால், 'மீதமுள்ள குத்தகை' இருந்த இடத்தில் 'தொடங்கிய ஆண்டு' உட்கார்ந்திருக்கிறது. எம்ஆர்டி தூரத்தை ஆளையே காணோம். "போன மாசம் ஸ்டேஷன்தான் முக்கியம்னு சொன்னியே தம்பி?" என்றார் மேலதிகாரி. கணித்த விலைகள் என்னவோ பெரிதாக மாறவில்லை. அதுதான் வேடிக்கை.

குத்தகை 99 வருடம். தொடங்கிய ஆண்டும் விற்ற ஆண்டும் தெரிந்தால் மீதி எவ்வளவு என்பது வெறும் கழித்தல் கணக்கு. ஒரே ஆள் இரண்டு சட்டையில் வந்து நிற்கிறார். யாரை எடுத்தாலும் ஏஐசியில் மயிரிழை வித்தியாசம். நாலு வீடு கூடினால் தராசு மறுபக்கம் சாயும். தரவு லேசாக அசைந்தாலே இந்தத் தேர்வு புரண்டுவிடும் என்று புள்ளியியலாளர் லியோ பிரெய்மன் 1996லேயே எழுதிவிட்டார், நான்தான் லேட். கடைசியில் வரும் பி மதிப்புகளும் (ஒரு மாறியின் விளைவு வெறும் தற்செயலா என்று பார்க்க உதவும் எண்கள்), தேடிப் பொறுக்கியதைக் கணக்கில் எடுக்காததால், இருப்பதைவிட அழகாகவே தெரியும்.

பிறகு லாஸோவுக்கு மாறினேன்: மாறிகளின் எடையைச் சுருக்கி, சிலவற்றைப் பூஜ்யமாகவே ஆக்கிவிடும் முறை. அதை முன்வைத்த டிப்ஷிரானியின் கட்டுரையும் அதே 1996தான். அதை ஓட்டும் ஆர் தொகுப்பான ஜிஎல்எம்நெட் படுவேகம். ஆனால் ஒட்டிப் பிறந்த மாறிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பூஜ்யமாக்குவது இதற்கும் வழக்கம். எவ்வளவு சுருக்குவது என்ற அளவுதான் லாம்டா; அதைக் குறுக்குச் சரிபார்ப்பில், அதாவது ஒரு பங்கை ஒதுக்கி மற்றதை வைத்து அதைக் கணித்துப் பார்த்து, தேர்வு செய்கிறோம். அதற்குத் தரவைப் பத்தாகப் பிரிப்பது குலுக்கல் என்பதால், குலுக்கலைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணை மாற்றினால் லாம்டா மாறும், பட்டியலும் மாறும்.

இப்போது பூட்ஸ்ட்ராப்பில், அதாவது இருக்கிற தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து, 200 தடவை ஓட்டி, எந்த மாறி எத்தனை தடவை வந்தது என்று எண்ணுகிறேன். பரப்பளவு ஒரு தடவைகூட விடுபடவில்லை. எம்ஆர்டி தூரம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. குத்தகை ஜோடி மட்டும் வாக்குகளைப் பிரித்துக்கொண்டு இரண்டுமே தோற்றதுபோல நின்றது; இப்போதெல்லாம் ஒன்றை முன்கூட்டியே நானே எடுத்துவிடுகிறேன்.

மேலதிகாரிக்கு அந்த அட்டவணை பிடிக்கவில்லை. "ஸ்டேஷன் முக்கியமா, இல்லையா?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.