தட்டில் குட்டி செஃப், ஜன்னலில் ரயில்: கப்பலில் கூடுதல் காசுக்கு எது தேறும்?

குரூஸ் கப்பலில் டிக்கெட் விலைக்குள்ளேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். அப்படியிருந்தும் தனிக் கட்டணம் வாங்கும் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்களுக்கு ஆள் குறைவதில்லை. இது புதுப் பழக்கமும் அல்ல. 1912இல் டைட்டானிக்கிலேயே முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று லூய்ஜி கட்டி என்பவர் நடத்திய தனிக் கட்டண உணவகம் இருந்தது. அன்று விற்றது சமையல். இன்று அதோடு ஒரு கதையும் சேர்த்து விற்கிறார்கள்.

கூடுதல் காசு எதற்கு என்று முதலில் தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கப்பலின் பெரிய உணவறையில் நடப்பது பந்தி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். மீனும் இறைச்சியும் முன்கூட்டியே வெந்து, சூடு ஆறாமல் மூடி வைக்கப்பட்டுக் காத்திருக்கும். சிறிய உணவகத்தில், நாம் சொன்ன பிறகுதான் நம் தட்டுக்கானது அடுப்பில் ஏறும். காசு அதற்குத்தான். தீம் என்று சொல்லப்படும் அந்தக் கதையும் வேஷமும் இந்த வசதியைப் பறிக்கின்றனவா இல்லையா என்பதை வைத்தே இவற்றைத் தரம் பிரிக்கிறேன்.

செலிப்ரிட்டி என்ற குரூஸ் நிறுவனத்தின் கப்பல்களில் உள்ள 'லெ பெட்டி ஷெஃப்' இதில் அதிகம் பேசப்படுவது. கூரையில் உள்ள புரொஜெக்டரிலிருந்து மேசைமேல் படம் விழும். கட்டைவிரல் உயரச் சமையல்காரர் ஒருவர் உங்கள் தட்டின் விளிம்பில் ஏறி, மீன் பிடித்து, காய் வெட்டி, திண்டாடிச் சமைத்து முடிப்பார். படம் முடிந்ததும் அதே உணவை வெயிட்டர் நிஜமாகக் கொண்டுவந்து வைப்பார். 2015இல் ஸ்கல்மேப்பிங் என்ற பெல்ஜியக் கலைஞர் இணை உருவாக்கிய வேலை இது. சிரிப்பு வரும், குழந்தைகள் மேசையை விட்டு எழ மாட்டார்கள். ஆனால் படம் எல்லா மேசைக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஆகவே எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். பந்தியிலிருந்து தப்பிக்கக் காசு கொடுத்து வந்தவர் மறுபடி பந்தியில்தான் உட்கார்கிறார், விளக்கை அணைத்துவிட்டார்கள் என்பது மட்டும் வித்தியாசம். மெதுவாகச் சாப்பிடுகிறவர் பாடு இன்னும் மோசம். கையில் முள்கரண்டி இருக்கும்போதே அடுத்த காட்சி தொடங்கிவிடும்.

ராயல் கரீபியனின் 'யுடோபியா ஆஃப் தி சீஸ்' கப்பலில் 2024இல் வந்த ரயில் பெட்டி உணவகமும் அதே ஜாதி. ஜன்னல் என்பது திரை, ஓடுவது காட்சி. சுற்றிலும் நிஜக் கடல் இருக்க, பொய் ஜன்னல் வழியே நிலத்தைப் பார்க்கக் காசு கொடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அதே நிறுவனத்தின் 'வொண்டர்லேண்ட்' வேறு வகை. 2014இல் 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பலில் தொடங்கியது. மெனு அட்டை வெறுமையாக வரும். தண்ணீர் தொட்ட தூரிகையால் தடவினால் எழுத்து தெரியும். உணவுகள் சூரியன், பனி, நெருப்பு, நீர், மண், கனவு என்ற தலைப்புகளில் அடுக்கப்பட்டிருக்கும். வித்தை சமையலுக்குள்ளேயே இருப்பதால் இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. பக்கத்து மேசைக்காரரின் வேகத்துக்கு நாம் சாப்பிட வேண்டியதில்லை. பிடிக்காததைத் தள்ளிவிட்டு வேறொன்று கேட்கலாம். ஆனால் நுரையும் புகையும் வயிற்றுக்குப் போதாது. சூடான சாஸ் ஊற்றியதும் உருகித் திறக்கும் சாக்லேட் உருண்டை முதல் முறை வாயைப் பிளக்க வைக்கும். இரண்டாம் முறை அது சாக்லேட், அவ்வளவுதான். பசியோடு போகிறவர்களுக்கு இந்த இடம் வேண்டாம்.

டிஸ்னி கணக்கு புத்திசாலித்தனமானது. அங்கே தீம் உணவறைகளுக்குத் தனிக் கட்டணமே இல்லை. மாலைக்கு ஒன்றாகச் சுழற்சியில் போவீர்கள், பரிமாறுகிறவர்களும் உங்களோடு கூடவே வருவார்கள். 1998இல் 'டிஸ்னி மேஜிக்' கப்பலில் திறந்த 'அனிமேட்டர்ஸ் பேலட்' கறுப்பு வெள்ளையாகத் தொடங்கி, சாப்பாடு முடிவதற்குள் அறை முழுக்க நிறம் ஏறும். சமையல் பெரிதாகப் பேசும்படி இருக்காது. ஆனால் கூடுதலாக எதுவும் கொடுக்காதவர் எதற்கு ஏமாறப் போகிறார்? மூன்றாம் நாள் உங்கள் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமலே வெயிட்டர் கொண்டுவருவதை எந்தப் புரொஜெக்டரும் செய்யாது.

நார்வீஜியன் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் உள்ள தெப்பன்யாக்கி, அதாவது சூடான இரும்புக் கல்லில் நம் கண்முன்னே சமைக்கும் ஜப்பானிய முறை? முட்டையை வீசிப் பிடிப்பதும் கரண்டியைத் தட்டித் தாளம் போடுவதும் பழைய வித்தைகள்தான். இங்கும் எல்லோரும் சேர்ந்துதான் தொடங்க வேண்டும், அறையில் இரைச்சலும் அதிகம். இருந்தாலும் வித்தை காட்டும் கையே சமைக்கிறது, கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது. லெ பெட்டி ஷெஃப், தெப்பன்யாக்கி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதற்குத்தான் போவேன்.

பெரிய இறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தரும், எந்த வேஷமும் இல்லாத ஸ்டேக்ஹவுஸ்தான் ஒரே பயணத்தில் இரண்டு முறை போகத் தோன்றும் இடம். குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் குட்டிச் சமையல்காரரை ஒரு மாலை பார்த்துவிடட்டும்; அவர்களுக்கு அது உணவகமே அல்ல, பொம்மலாட்டம்.

முன்பதிவின்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்டேக் எந்தப் பதத்தில் வேண்டும் என்று மேசையில் கேட்பார்களா? கேட்டால், உங்கள் தட்டுக்கானது நீங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறுகிறது என்று அர்த்தம். சைவம் என்றால், படத்தில் லாப்ஸ்டர் பிடிபடும்போது தட்டில் என்ன வரும் என்றும் கேட்டு வையுங்கள். பல நிறுவனங்கள் கட்டணத்துக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் சேர்க்கின்றன. அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.