வால்வெள்ளிய இஞ்சால தள்ளிவிடுறது ஆர்? டார்க் மேட்டரா, அயல் நட்சத்திரமா, பால்வீதியா?

2024 செப்டம்பர் கடைசில விடிய அஞ்சு மணிக்கு கல்லடி கடற்கரைக்குப் போய் சூசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளிய பாத்தம், கடலுக்கு மேலால சாம்பல் பூசின மாதிரி ஒரு கீறு, பக்கத்தில கரைவலைக்காரர் கயிறு இழுக்காங்க. கூட வந்த மச்சான், "இது அவ்வளவு தூரத்தில சும்மா கிடந்தது தானே, என்னத்துக்கு இஞ்ச வருது?" எண்டான். அண்டைக்கு மழுப்பிட்டன். மறுகா வாசிச்சுப் பாத்தா மூண்டு கட்சி இருக்கு.

வால்வெள்ளிட ஊரு ஊர்ட் மேகம், சூரியனச் சுத்தி வெகு தூரத்தில கிடக்கிற பனிக்கட்டிக் கூட்டம், யான் ஊர்ட் எண்ட வானியலாளர் 1950ல சொன்னது. அங்க ஒரு பனிக்கட்டி செக்கனுக்கு 200 மீற்றர் அளவிலதான் ஊருது, நம்மட பூமி 30 கிலோமீற்றர் ஓடுது, அதால சின்ன இழுவையே காணும், பக்கவாட்டு வேகம் குறைஞ்சா சூரியனப் பாத்து விழுந்திடும்.

அயல் நட்சத்திரம் மோட்டர் போட் அலை மாதிரி. கிளீசே 710 எண்ட நட்சத்திரம் இன்னும் 13 இலட்சம் வருசத்தில கிட்டவா வந்து போகும், தோணி ஆடும், ஆனா எப்பயாவதுதான்.

டார்க் மேட்டர் கட்சிதான் ருசி, அதாவது கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பால மட்டும் ஆளக் காட்டுற பொருள். சூரியன் பால்வீதித் தளத்துக்கு மேலயும் கீழயுமா ஏறி இறங்குது, அந்தத் தளத்தில மெல்லிசா அடர்த்தியா ஒரு டார்க் மேட்டர் தட்டு இருந்தா ஏறத்தாழ 35 மில்லியன் வருசத்துக்கு ஒருக்கா உலுக்கி வால்வெள்ளி கொட்டும் எண்டு இயற்பியலாளர் லிசா ரண்டலும் மத்தியூ ரீசும் 2014ல எழுதினாங்க. நானும் ரெண்டு கிழமை டைனோசர் அழிஞ்ச கதையையும் சேத்து இதத்தான் எல்லாருக்கும் அளந்து கொண்டு திரிஞ்சன். ஆனா கையா விண்கலம் அளந்த நட்சத்திர ஓட்டத்த வச்சு 2018ல கணக்குப் பாத்தா, அப்படியான தட்டுக்கு இடம் நல்லாவே சுருங்கிட்டு.

என்ட வாக்கு பால்வீதிட இழுவைக்குத்தான். முகத்துவாரம் வெட்டினா வாவி முழுக்க ஒரு பக்கம் இழுபடுமே, கட்டாத தோணி ஒண்டும் நிண்ட இடத்தில நிக்காது, அந்த மாதிரி இது நிறுத்தாம இழுத்துக்கொண்டே கிடக்கு. கூத்து என்னண்டா, நம்மட அயல்ல அப்படி இழுக்கிற பொருள்ல பத்தில ஒரு பங்கு அளவு டார்க் மேட்டர்தானாம், மிச்சம் நட்சத்திரமும் வாயுவும். தட்டு இல்லாட்டியும் ஆள் கூட நிண்டு கயிறு பிடிக்குது.

"அப்ப கோள்களுக்குள்ள வந்தாப் பிறகும் இழுக்குமா?" எண்டு மச்சான் விடல்ல. நெப்டியூன்ட பாதைக்குள்ள இருக்கிற டார்க் மேட்டர் எல்லாத்தையும் கூட்டி அள்ளினாலும் ஒரு சின்னக் குறுங்கோள்ட எடைதான் வரும், அதுவும் ஒரு இடத்தில குவியாம எல்லாப் பக்கமும் பரவிக் கிடக்கு, இஞ்ச வியாழன் முன்னால அது எந்த மூலைக்கு?