டிவி ஸ்டாண்டு: டிவியை விட்டுவிட்டு ரிசீவரை அளந்து பாருங்கள்

ஸ்டாண்டு விற்பவர்கள் பெட்டியின் மேல் பெரிதாகப் போடுவது ஒரே ஒரு எண்: "65 அங்குல டிவி வரை". ஹோம் தியேட்டர் வைத்திருப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. 65 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். அகலம் சுமார் 57 அங்குலம்தான். கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும் மாடல் என்றால், ஒரு காலின் வெளிமுனையிலிருந்து மறு காலின் வெளிமுனை வரை அளந்து, பக்கத்துக்கு 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்பலகைக்கு அந்த நீளமாவது வேண்டும்.

உயரத்தில் பலரும் சறுக்குகிறார்கள். பெரிய டிவிக்கு உயரமான ஸ்டாண்டு வேண்டும் என்று நினைக்கிறார்கள், உண்மையில் தலைகீழ். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 40 அங்குலத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்துக்கு வந்தால் கழுத்து வலிக்காது. 55 அங்குல டிவியின் திரை உயரம் 27 அங்குலம், 75 அங்குல டிவிக்கு 37. கால்களுக்கு 3 அங்குலம் விட்டுக் கணக்குப் போட்டால், முன்னதற்கு 23 அங்குல ஸ்டாண்டு சரி, பின்னதற்கு 18 அல்லது 19 போதும்.

ஆனால் ஸ்டாண்டு உதவுமா உதவாதா என்பதை முடிவு செய்வது ரிசீவர், அதாவது ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. பெரும்பாலான ஏவி ரிசீவர்கள் 17 அங்குல அகலம், 6 முதல் 7 அங்குல உயரம், 13 முதல் 16 அங்குல ஆழம். பின்னால் எச்டிஎம்ஐ கேபிள் மடங்காமல் வளைய 3 அங்குலம் வேண்டும். ஆக, 15 அங்குல ரிசீவருக்கு உள்ளளவு 18 அங்குலம். கடையில் சொல்லும் ஆழம் பெரும்பாலும் வெளியளவு. முன்கதவும் பின்பலகையும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். கேபிளை இறுக்கி மடித்துத் திணித்தால் எச்டிஎம்ஐ சாக்கெட்டின் மேல் பாரம் ஏறி, நாளடைவில் படம் வந்து வந்து போகும். டிவியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அடுத்தது சூடு. ரிசீவரின் மேல்மூடியில் துளைகள் இருப்பது உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றத்தான். மேலே குறைந்தது 4 அங்குலம் காலி விட வேண்டும், முடிந்தால் 6. செட்டாப் பாக்ஸுக்காகச் செய்த 8 அங்குலத் தட்டில் 7 அங்குல ரிசீவரைச் செருகினால், சத்தம் கூட்டிப் படம் பார்க்கும்போது பாதியில் தானே அணைந்துவிடலாம். அது பழுதல்ல, பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்கிறது. பின்பலகையில் மேலே மட்டும் ஓட்டை போட்டால் போதாது. கீழேயும் காற்று நுழைய வழி வேண்டும். ரிசீவர் எப்போதும் மேல்தட்டில், அதன் தலையில் எதுவும் ஏறக்கூடாது.

வகைகளைப் பார்ப்போம். கதவு வைத்த மர கேபினெட் பார்க்க அழகு, ரிசீவருக்குப் பகை. மரக்கதவை மூடினால் சாதாரண ரிமோட் வேலை செய்யாது. உள்ளே சூடு தேங்கும். துணி அல்லது சிறு துளைகள் போட்ட கதவுள்ளது பரவாயில்லை. கண்ணாடித் தட்டும் இரும்புக் கம்பியுமான திறந்த ரேக், காற்றோட்டத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். தூசியும் கேபிள் குவியலும் கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் அதன் குறை. டிவியின் முதுகில் சுவரில் மாட்டுவதற்காக இருக்கும் வெசா துளைகளில் திருகி நிறுத்தும் நடுக்கம்ப ஸ்டாண்டில் உயரத்தை மாற்றலாம், ஓரக் கால் தொல்லை இல்லை. கீழ்த்தட்டு மட்டும் பெரும்பாலும் ஒப்புக்கு இருக்கும். 12 கிலோ ரிசீவரை அதில் ஏற்றுமுன் தட்டுக்கான எடை வரம்பைத் தனியாகக் கேளுங்கள்.

பலகையில் பிளைவுட் முதல் தேர்வு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் தடிமன் 18 மி.மீ.க்குக் குறையாமலும், 30 அங்குலத்துக்கு மேல் நீளும் தட்டுக்கு நடுவில் ஒரு தாங்கு பலகையோடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு தொய்யும். கழற்றி மாட்டினால் திருகு பிடிக்காமல் போவதும் இதில்தான் அதிகம். அடிக்கடி வீடு மாறுபவர்கள் யோசிக்கட்டும்.

பேச்சு ஒலிக்கும் நடு ஸ்பீக்கரான சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் பேச்சு குழறும், ஏனென்றால் ஒலி தட்டிலேயே பட்டுத் திரும்புகிறது. முன்விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் ரப்பர் துண்டு கொடுத்து, முகத்தைக் காது நோக்கிச் சற்று நிமிர்த்துங்கள். ஒலியைக் கூரையில் பட்டுத் திரும்ப வைக்க மேல்நோக்கி ஒலிக்கும் அட்மாஸ் சவுண்ட்பாருக்குத் தட்டு ஆகவே ஆகாது, மேல்பலகைதான் இடம். அங்கே வைத்தால் டிவியின் ரிமோட் சென்சாரை மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடித்தொனி தரும் சப்-வூஃபர் தரையில் இருக்கட்டும். ஸ்டாண்டுக்குள் வைத்தால் கதவும் கண்ணாடியும் கடகடக்கும்.

கேபிள் ஓட்டை இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்தால் பெரிய அடாப்டர் நுழையாது. குழந்தைகள் உள்ள வீட்டில் டிவியையும் ஸ்டாண்டையும் தனித்தனி வாரால் சுவரோடு பிணைப்பது கட்டாயம். சக்கரம் வைத்த ஸ்டாண்டு என்றால் நான்கிலும் பூட்டு இருக்க வேண்டும்.