நெளிஞ்ச தகட்டை நிமித்தக் குடுத்து 14,000 போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேத்து ராத்திரி தூக்கமே இல்ல, அதான் எழுதுறேன். கடைசில அஞ்சு டிப்ஸ் தரேன், முழுசா படிங்க.

வண்டில இருந்து சரிஞ்சு விழுந்ததுல 8க்கு 4 அடி ஸ்டெயின்லெஸ் ஷீட் ஆறு நெளிஞ்சு போச்சு, 1.2 எம்எம் கனம். வேலைக்கு ஆள் புடிச்சுத் தர்ற ஒரு ஆப்ல தேடுனா ஒருத்தர், "நம்மகிட்ட லெவலர் மிஷின் இருக்கு சார், கண்ணாடி மாதிரி தரேன்"னாரு (லெவலர்னா நெளிஞ்ச தகட்ட மட்டமாக்குற மிஷின்). நேர்ல போனேன். அங்கதான் விழுந்தேன். கையகலத் துண்டு ஒண்ண எடுத்து நாலு தட்டு தட்டி, ஸ்டீல் ஸ்கேல அது மேல நிறுத்தி வெளிச்சத்துல காட்டுறாரு, அடில ஒரு கோடு வெளிச்சம்கூட வரல. அசந்துட்டேன். 14,000 மொத்தமா குடுத்துட்டேன், அட்வான்ஸ் கூட இல்ல, மொத்தமா!

சின்னத் துண்டு யார் தட்டுனாலும் நிமிரும்னு இப்பதான் புரியுது. பெரிய ஷீட்ல இரும்புச் சுத்தியல வச்சு அடிச்சா அடிச்ச இடம் மெலிஞ்சு விரியும், சுத்தி இருக்குற தகடு விடாது, அப்ப அது எங்க போகும், உப்பத்தான் செய்யும். என் ஷீட்ட இந்தப் பக்கம் அமுக்குனா டப்புனு அந்தப் பக்கம் போகுது, அங்க அமுக்குனா இங்க வருது. மேல பூரா பிறை பிறையா சுத்தியல் தடம். நாலே நாள்ல அந்தத் தடத்துல துரு வேற, இரும்புத் துகள் ஏறிடுச்சாம்.

போன் பண்ணா மொதல்ல "வெல்ட் பண்ணா இழுத்துக்கும் சார்"னாரு (வெல்ட் சூட்டுல இன்னும்தான் நெளியும்!), அப்புறம் "உங்க ஷீட்டே மட்டம்", அப்புறம் "மாஸ்டர் லீவு". நேர்ல போய் நின்னப்பதான் மிஷினயே பாத்தேன், மூணு ரோலர் தான். அது தகட்ட டிரம் மாதிரி வளைக்கிறதுக்கு. லெவலர்னா மேலயும் கீழயும் வரிசையா நெறைய ரோலர் இருக்கும், மாத்தி மாத்தி வளைச்சு, போகப்போக வளைவ கொறைச்சு வெளிய விடும். ஆப்காரங்ககிட்ட போனா "வேலை முடிஞ்சதுன்னு நீங்களே ஓகே குடுத்துட்டீங்க"ங்கறாங்க. டெலிவரி ஓடிபின்னு நம்பி சொன்னது அதுதானாம். 14,000 சார், ஷீட்டு விலைய இதுல சேர்க்கவே இல்ல.

சரி டிப்ஸ். மிஷின் ஓடுறத கண்ணால பாருங்க. ஒரு முழு ஷீட்ட மட்டும் மொதல்ல குடுத்துப் பாருங்க, துண்டக் காட்டுனா நம்பாதீங்க. ஸ்டெயின்லெஸ்ல கொட்டாப்புளியோ (மரச் சுத்தியல்) ரப்பர் சுத்தியலோதான், இரும்பு கூடவே கூடாது. மடிஞ்சு கோடு விழுந்த தகடு எந்த மிஷின்லயும் பழையபடி வராது, வரும்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ஓடிபி சொல்லாதீங்க.

அந்த ஆளு இப்பதான் மெசேஜ் போட்டிருக்காரு, ரேட்டிங் குடுங்கன்னு.