எம்டனைக் காகிதத்தில் கட்ட: அச்சுத் தாளா, வெள்ளை அட்டையா?

வடசென்னையில் உட்கார்ந்து காகிதத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டுவதென்றால் முதலில் எம்டனைத்தான் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து ஏறத்தாழ 130 குண்டுகள் அடித்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பெயர் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. ஆனால் மூன்று புகைபோக்கி, தண்ணீர் மட்டத்தில் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கு, முன்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று, பின்னால் இரண்டு என்று மொத்தம் பத்துப் பீரங்கி என்ற அந்த உருவம் எத்தனை பேருக்கு மனதில் இருக்கிறது? கையால் கட்டியவருக்கு அது மறக்காது.

கட்ட இரண்டு வழி. ஒன்று, வண்ணத்தோடு அச்சிட்டு வரும் தாள்: வெட்டி, மடித்து, ஒட்டினால் கப்பல். இன்னொன்று, வரைபடத்தை வைத்துக்கொண்டு வெள்ளை அட்டையில் ஒவ்வொரு பாகத்தையும் நாமே வரைந்து வெட்டி, கட்டி முடித்தபின் வண்ணம் பூசுவது. இரண்டிலும் நல்ல கப்பல் வரும். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மாதிரி கடல்காற்று வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் இடங்களில் இரண்டும் ஒன்றல்ல.

அளவை முதலில் முடித்துவிடலாம். காகிதக் கப்பலில் ஜெர்மன் பதிப்பகங்களின் வழக்கம் 1:250, அதாவது உண்மைக் கப்பலின் நீளத்தில் 250-இல் ஒரு பங்கு. போலந்துக்காரர்கள் போர்க்கப்பல்களைப் பெரும்பாலும் 1:200-இல் போடுகிறார்கள்; 1:400-உம் உண்டு. எம்டனின் நீளம் 118.3 மீட்டர். 1:400-இல் 30 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, 1:250-இல் 47 செ.மீ., 1:200-இல் 59 செ.மீ. 1:400-இல் ஒரு மாலுமியின் உயரம் நாலு மில்லிமீட்டர். அந்த அளவில் கைப்பிடிக் கம்பி செய்யக் கண்ணும் கையும் ரொம்பப் பழகியிருக்க வேண்டும். 1:200 அழகுதான், ஆனால் அதை வைக்க அலமாரியில் ஒரு தட்டையே ஒழிக்க வேண்டும். நம் வீடுகளுக்கு 1:250 போதும்.

இப்போது உடல். வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. 47 செ.மீ. நீளப் பக்கச் சுவர் ஏ4 தாளிலும் அடங்காது, 42 செ.மீ. நீளமுள்ள ஏ3-யிலும் நேராக வைத்தால் அடங்காது. அதனால் வீட்டிலோ கடையிலோ அச்சிடும் கப்பலில் பெரும்பாலும் நடுவில் ஓர் ஒட்டு வந்துவிடும். உள்ளே பட்டை கொடுத்து எவ்வளவு நேர்த்தியாக இணைத்தாலும், விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்தக் கோடு தெரியும். வெள்ளை அட்டைக்காரருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் 23க்கு 36 அங்குல முழுத்தாளாக ஐவரி அட்டை வாங்கலாம். மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டு. அங்கே பளபளப்பான ஆர்ட் அட்டையைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: பசை இறங்காது, மடித்த இடம் வெடிக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் நார் ஓட்டம். எந்தக் காகிதத்திலும் நார்கள் ஒரு திசையில்தான் அதிகம் படுத்திருக்கும். ஈரம் பட்டால் காகிதம் நாருக்குக் குறுக்கே நன்றாக விரியும், நார் போகும் திசையில் கொஞ்சம்தான் விரியும். ஆகவே பக்கச் சுவரை வெட்டும்போது நார் கப்பலின் நீளவாட்டில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்காலத்தில் சுவர் நீண்டு, சட்டங்களுக்கு நடுவே அலையலையாக உப்பும். புகைபோக்கிக்கு நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போதுதான் சுருட்டும்போது மடிப்பு விழாமல் உருண்டை வரும். வெள்ளை அட்டையில் ஒவ்வொரு பாகத்துக்கும் இதைப் பார்த்து வைத்து வெட்டலாம். அச்சுத் தாளில் இடம் மிச்சப்பட எப்படி அடுக்கியிருக்கிறார்களோ அதுதான் நமக்கு விதித்தது. நார் எந்தப் பக்கம் என்று தெரிய, ஓரத்தில் சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரவிரலால் தடவுங்கள். உடனே குழல் மாதிரி சுருளும். குழலின் நீளம் எந்தத் திசையோ அதுதான் நார்.

எலும்புக்கூடு இரண்டு முறைக்கும் ஒன்றுதான்: நடுவே நீளச் சட்டம், குறுக்கே விலாச் சட்டங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தும் பள்ளங்கள், அடியில் தட்டு. 1 மி.மீ. அட்டைக்கு வரைந்த பள்ளத்தில் 1.5 மி.மீ. மில் போர்டை (தடித்த அட்டையை) திணிக்கக் கூடாது. இந்த அளவில் அரை மில்லிமீட்டர் என்பது உண்மைக் கப்பலில் பன்னிரண்டரை சென்டிமீட்டர், மேல்தளம் தூக்கிக்கொள்ளும். அச்சுத் தாள்காரர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பில் அடித்துவிட்டால் எல்லாம் சிறுத்துப் போகும். முழு அளவில் அடிக்கச் சொல்லி, தாளில் போட்டிருக்கும் அளவுகோட்டை ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கனமான தாளை நீட்டினால் “அண்ணே, இவ்ளோ மொத்தமா இருந்தா மெஷின்ல மாட்டிக்கும்ணே” என்பார்கள். 160, 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள் பெரும்பாலும் தொல்லையில்லாமல் ஓடும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழுள்ள பாகத்தையும் கட்டுவதா என்ற கேள்வியில் அச்சுத் தாள் தோற்றுவிடுகிறது. காகிதம் ஒரு திசையில் வளையும். ஒரே சமயத்தில் இரு திசையில் வளையாது. அடிப்பாகமோ இரு திசையிலும் வளைந்தது. பட்டை பட்டையாக ஒட்டி முடித்தால், பஞ்சத்தில் அடிபட்ட மாட்டின் விலாபோல ஒவ்வொரு சட்டமும் வெளியே தெரியும். அச்சிட்ட வண்ணத்தின் மேல் உப்புத்தாள் போட முடியாது, வண்ணம் போய்விடும். வெள்ளை அட்டையில் என்.சி. புட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பூச்சு) தடவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். அச்சுத் தாளில் கட்டுகிறவர்கள் தண்ணீர் மட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நீலம் பூசிய பலகையில் வைத்தால் கடலில் நிற்கிற தோற்றம் தானே வரும்.

ஈரக்காற்றுக்கு வருவோம். இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீரில் கரையும். ஃபெவிகாலின் ஈரம் பட்டாலே அந்த மை கசியும். லேசர் அச்சு கரையாது, ஆனால் அது மேலே உருகிப் படிந்த தூள்தான், மடிக்கும் இடத்தில் உதிர்ந்து வெள்ளைக்கோடு விழும். வெட்டும் முன்பே வார்னிஷ் ஸ்பிரே அடித்து, மடித்த ஓரத்தில் போஸ்டர் கலர் தொட்டு வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வெள்ளை அட்டை உடலுக்கோ சேண்டிங் சீலர் (மரத்துக்குப் பூசும் அடிப்பூச்சு) இரண்டு கை, மேலே பெயிண்ட். உள்பக்கத்துக்கும் ஒரு கை கொடுத்துவிட்டால் ஈரம் ஏறுவது வெகுவாகக் குறையும். ராமபாணப் பூச்சிக்கும் அது ருசிக்காது. எந்த வழியானாலும் மைதாப் பசை வேண்டவே வேண்டாம். கரப்பானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். எலும்புக்கூட்டுக்கு ஃபெவிகால், மேல்தோலுக்கு நீரில்லாத ரப்பர் பசை.

வண்ணத்திலும் என் ஓட்டு வெள்ளை அட்டைக்கே. சமாதான காலத்தில் எம்டன் வெண்ணிற உடலோடு இருந்தது, ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கியது. சென்னைக்கு வந்தது சாம்பல் நிறத்தில். வெண்ணிறத்தில் அச்சிட்ட தாள் கையில் இருந்தால் நம் ஊரைச் சுட்ட கப்பலை அதில் கட்ட முடியாது.

ஆனால் நுண்பாகங்களில் அச்சுத் தாள் ஜெயிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தளத்தின் மரப்பலகைக் கோடுகளை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் கையால் ஒரே சீராகப் போடுவது பெரும்பாடு. அச்சில் அது சுத்தமாக வரும். கதவு, ஜன்னல் வட்டம், படகின் மேல்துணி எல்லாம் அப்படியே. அதனால் தளத்தை மட்டும் அச்சிட்டு, வெள்ளை அட்டை உடலின் மேல் ஒட்டுவதையே நான் சிபாரிசு செய்வேன். பீரங்கிக் குழலுக்கு இரண்டு வழியிலும் ஒரே வேலைதான்: மெல்லிய தாளைத் தென்னை ஈர்க்கில் இறுக்கிச் சுருட்டி, ஒட்டி, உருவி எடுப்பது. 10.5 செ.மீ. பீரங்கிக் குழல் இந்த அளவில் பதினேழு மி.மீ. நீளம். பாய்மரத்துக்கு ஊதுபத்திக் குச்சியின் மூங்கிலைச் சீவிக்கொள்ளலாம். வெட்ட, மருந்துக்கடையில் கிடைக்கும் 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும் 3-ஆம் எண் கைப்பிடியும் போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளையோடு சேர்ந்து முதல் கப்பல் கட்டுகிறவர் முழுக்க அச்சுத் தாளில், தண்ணீர் மட்டத்தோடு கட்டட்டும். பிள்ளைக்கு ஆர்வம் இருக்கும்போதே கப்பல் முடிந்துவிடும், கட்டும் முறையும் கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் போகிறவர்கள் வெள்ளை அட்டைக்கு வாருங்கள். வந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய எம்டன் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அதையும் சுருட்டி, ஒட்டாமல் தனியே வையுங்கள். பினாங்கு வேண்டுமென்றால் செருகலாம், சென்னைக்கு எடுத்துவிடலாம்.