ஈ.எம்.ஜி. அளக்க ஒட்டும் எலெக்ட்ரோடா, சென்சார் ஷார்ட்ஸா?

ஸ்குவாட் போடும்போது தொடைத் தசையின் மின் சமிக்ஞையை அளக்க (அதுதான் ஈ.எம்.ஜி.) தோலில் ஒட்டும் எலெக்ட்ரோடு, துணியிலேயே எலெக்ட்ரோடு வைத்த சென்சார் ஷார்ட்ஸ் இரண்டையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இப்போது நான் ஜெல் தடவிய ஒட்டும் எலெக்ட்ரோடு கட்சி. (தசைக்குள் மெல்லிய கம்பி செருகும் முறையும் உண்டு. ஆழத்தில் இருக்கும் தசைகளுக்கு அது தேவை. தொடையின் மேல்தசைகளுக்கு எதற்கு அந்த வம்பு?)

ஷார்ட்ஸை மாட்டினால் போதும், சவரம் வேண்டாம், வயர் தொல்லை இல்லை. சரி. ஆனால் உலர்ந்த தோலில் துணி எலெக்ட்ரோடு சரியாகப் பிடிக்காது. முதல் செட்டில் ஒரே இரைச்சல்; வியர்த்த பிறகுதான் சிக்னல் தெளிகிறது. அப்புறம் முதல் செட்டையும் நான்காவதையும் எதை நம்பி ஒப்பிடுவது? என்னிடம் இருந்த ஷார்ட்ஸ் முன்தொடை முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்தான் தந்தது. முன்தொடையின் நடுவில் ஓடும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசை தனி, வெளிப்பக்கத்து வாஸ்டஸ் லேட்டராலிஸ் தசை தனி என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது எலெக்ட்ரோடு உட்காரும் இடம். அது கொஞ்சம் நகர்ந்தாலும் சிக்னலின் மைக்ரோவோல்ட் (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கு மாறிவிடும். ஷார்ட்ஸ் இன்று இடுப்பில் சற்று ஏறி நிற்கும், நாளை இறங்கி நிற்கும். ஒட்டும் வகையில் இடுப்பெலும்பு முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரை டேப் பிடித்து, நடுப்புள்ளியில் ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கான இரண்டு எலெக்ட்ரோடையும் 20 மி.மீ. இடைவெளியில், தசை இழை ஓடும் திசையிலேயே ஒட்டுகிறேன். தோல்மேல் ஈ.எம்.ஜி. எடுப்பதற்குப் பொது முறை வகுத்த செனியம் என்ற ஐரோப்பியத் திட்டம் சொன்ன இடம் அது. தோலில் பேனாவால் குறி வைத்தால் மறுநாளும் அதே இடம் கிடைக்கும்.

அப்படியும் நேற்றைய மைக்ரோவோல்ட்டை இன்றையதோடு நேராக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறை ஒட்டியதும் முழங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தில் ஒரு முறை முறுக்கி, அதை நூறு சதவீதமாக வைத்துக்கொள்கிறேன். இந்த வேலை ஷார்ட்ஸுக்கும் உண்டு. ஆனால் நடு செட்டில் துணி நகர்ந்தால் அந்த நூறும் கூடவே போய்விடும்.

எதில் அளந்தாலும் எண் கூடியதை வைத்துத் தசை வளரும் என்று சொல்லிவிட முடியாது. களைத்த தசையில் அதே எடைக்கே எண் ஏறும்.

ஷார்ட்ஸை ஐந்தாறு முறைதான் துவைத்திருக்கிறேன், அதுவரை தாங்கியது. அதைத் தூக்கிப் போடவும் இல்லை. டெட்லிஃப்டில் பார் தொடையை உரசி மேலே வரும்போது ஒட்டியதெல்லாம் பிய்ந்துவிடுகிறது. அன்று மட்டும் ஷார்ட்ஸ்தான்.