ஸ்பைனலில் (முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசியில்) எதைச் சேர்ப்பது: ஃபென்டனிலா, மார்ஃபினா, பூப்ரினார்ஃபினா?

சிசேரியனில் கர்ப்பப்பையை வெளியே எடுத்துத் தைக்கும்போது, ஹெவி பூபிவகைன் என்ற மரப்பு மருந்து மட்டும் போட்ட தாய்க்கு அடிவயிறு இழுக்கும், குமட்டும். இதற்காகவும், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்காகவும்தான் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) சேர்க்கிறோம். எதைச் சேர்ப்பது என்பதை ஆபரேஷன் தியேட்டரை வைத்து அல்ல, அன்று ராத்திரி வார்டில் யார் இருப்பார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஃபென்டனில் 10 முதல் 25 மைக்ரோகிராம். கொழுப்பில் கரைவதால் 5, 10 நிமிடத்தில் பிடிக்கும். 2 முதல் 4 மணி நேரத்தில் விட்டுவிடும். பூபிவகைனைக் கொஞ்சம் குறைக்கலாம், பிரஷர் அவ்வளவு இறங்காது. சாயங்காலமே வலி திரும்பும் என்பதால் பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் நேரம் தவறாமல் போக வேண்டும்.

மார்ஃபின் 100 முதல் 150 மைக்ரோகிராம் போட்டால் மறுநாள் காலை வரை வலி தெரியாது. தண்ணீரில் கரையும் மருந்து. தண்டுவட நீரிலேயே தங்கி மெள்ள மூளைப் பக்கம் ஏறும். 6 முதல் 12 மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாவது அதனால்தான். பாளையங்கோட்டையிலிருந்து அம்பைக்கு வந்து ஊசி போட்ட மயக்க மருத்துவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மருந்தை நீர்த்துக் கலப்பதிலும் கவனம்: பதனப்பொருள் இல்லாத 10 மில்லிகிராம் ஆம்ப்யூலை 10 மில்லியாக்கி, அதில் 1 மில்லியை மறுபடி 10 மில்லியாக்கினால்தான் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். இரண்டாவது படி விட்டுப்போனால் டோஸ் பத்து மடங்கு.

ஃபென்டனில், மார்ஃபின் இரண்டுக்கும் அங்கீகாரம், பதிவேடு என்று வேலை உண்டு என்பதால் சிறு நர்சிங் ஹோம்கள் பூப்ரினார்ஃபின் பக்கம் சாய்வதுண்டு. 60 மைக்ரோகிராம், அதாவது மில்லிக்கு 300 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் 0.2 மில்லி, 6 முதல் 12 மணி நேரம் தாங்கும், வாந்தி சற்று அதிகம். இன்சுலின் சிரிஞ்சில் அளக்கும்போதுதான் வினை. மில்லிக்கு 100 யூனிட் சிரிஞ்சில் 0.2 மில்லி என்பது 20-ஆம் கோடு. மில்லிக்கு 40 யூனிட் சிரிஞ்சில் 8-ஆம் கோடு. 40-இல் 20 வரை இழுத்தால் 150 மைக்ரோகிராம் போய்விடும்.

“மூக்கெல்லாம் அரிக்கு சிஸ்டர்” என்றதும் அவில் (அலர்ஜி ஊசி) போடுவது வழக்கம். இது ஓபியாய்டால் வரும் அரிப்பு, அலர்ஜியில் வரும் ஹிஸ்டமின் அரிப்பு அல்ல. அவில் தூக்கத்தைத்தான் கூட்டும். நால்பூஃபின் 3 மில்லிகிராம் நரம்பில் கொடுத்தால் அடங்கும். மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழே போனால் தட்டி எழுப்பி ஆக்சிஜன் வையுங்கள். ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோனை 400 மைக்ரோகிராம் எடுத்து 10 மில்லியாக்கி ஒவ்வொரு மில்லியாகக் கொடுங்கள். பூப்ரினார்ஃபின் ஏற்பியை இறுகப் பிடித்திருப்பதால் இந்த அளவுக்கு அசையாமல் போகலாம். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை கட்டிலருகே இருக்கட்டும்.